ஜான் ஆர்லட்: ஒரு குரலும் பல வேலைகளும்

எழுபதுகளில் நம் விடுதியில் இருந்தவர்களுக்கு ஜான் ஆர்லட் என்று பெயரைச் சொன்னால் போதும், காதில் ஒரு குரல் கேட்க ஆரம்பித்துவிடும். இங்கிலாந்தில் காலை பதினொன்றரைக்கு ஆட்டம் தொடங்கினால் நமக்குச் சாயங்காலம் நான்கு மணி. லேப் முடிந்து வந்து யாராவது ஒருவர் அறையில் சிற்றலை ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தால், கொரகொர சத்தத்துக்கு நடுவே மெதுவாக, கனமாக, கிராமத்து வாடையோடு ஒரு ஆங்கிலம் வரும். பாதி புரியாது. ஆனாலும் அணைக்க மனசு வராது.

இன்றைய மாணவர்களுக்கு அந்தக் குரல் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் மலர்க் குழுவினர் இந்த வருஷம் ஏதாவது ஒரு விளையாட்டுத் துறைப் பெரியவரைப் பற்றி எழுதச் சொன்னபோது, எனக்கு இவர் ஞாபகம்தான் வந்தது. காரணம் கிரிக்கெட் மட்டும் இல்லை. ஒரே சம்பளத்தை நம்பி வாழ முடியாது, சைடில் இன்னொன்று வேண்டும் என்று இப்போது நம் பிள்ளைகள் அடிக்கடி பேசிக்கொள்கிறார்கள். விளையாட்டு வர்ணனையாளர்கள் அந்தக் காலம் முதலே அப்படித்தான் வாழ்ந்திருக்கிறார்கள். ஆட்டம் இருந்தால் கூலி, மழை பெய்யும் குளிர்காலத்தில் ஒன்றுமில்லை. மிச்ச மாதங்களுக்கு என்ன வழி? ஆர்லட் கண்டுபிடித்த வழிகள் கொஞ்சநஞ்சமல்ல. அதில் ஒன்றிரண்டு வழிகள் அவர் கையாலேயே அடைபட்டும் போயின. அதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

1914 பிப்ரவரி 25 அன்று தெற்கு இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் மாவட்டத்து பேசிங்ஸ்டோக் ஊரில் பிறந்தார். பிறந்த வீடு எது தெரியுமா? ஊர் இடுகாட்டின் காவல் வீடு. அப்பாவுக்கு இடுகாட்டைப் பராமரிக்கும் வேலை. வசதியான குடும்பம் இல்லை. பையன் படிப்பில் கெட்டிக்காரன்தான், ஆனால் தலைமை ஆசிரியரோடு ஒத்துப்போகவில்லை. தகராறு முற்றிப் பள்ளியை விட்டே வெளியே வந்துவிட்டான். கல்லூரி வாசலை மிதிக்கவே இல்லை. (கல்லூரி மலரில் இதை எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான், மன்னிக்கணும்.) நகரத் திட்ட அலுவலகத்தில் கொஞ்ச நாள். அப்புறம் ஒரு மனநல மருத்துவமனையில் நோயாளிகளின் சாப்பாட்டுக் கணக்கு எழுதும் குமாஸ்தா. 1934இல் சௌத்தாம்ப்டன் நகரப் போலீசில் கான்ஸ்டபிள். சர்ஜெண்ட் பதவி வரைக்கும் உயர்ந்து 11 வருஷம் அங்கேதான் இருந்தார்.

போலீஸ்காரருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று கிரிக்கெட். லீவு கிடைத்தால் ஹாம்ப்ஷயர் அணி எங்கே ஆடுகிறதோ அங்கே போய் நிற்பார். 1938இல் வூஸ்டர் மைதானத்தில் ஆள் குறைந்தபோது மாற்று ஆளாகக் களத்தில் இறங்கிப் பந்து பொறுக்கவும் செய்தார். முதல்தர ஆட்டத்தில் அவர் கால் வைத்தது அவ்வளவுதான். இன்னொரு பைத்தியம் கவிதை. ராத்திரி ரோந்து போகிற மனுஷன் பகலில் உட்கார்ந்து கவிதை எழுதினார். ஜான் பெட்ஜமன் போன்ற கவிஞர்கள் அதைப் பார்த்து ஊக்கப்படுத்தினார்கள். 1944இல் கவிதைத் தொகுதியே வந்துவிட்டது. சீருடைக்காரர் கவிதை எழுதுகிறார் என்ற புதுமையில் பி.பி.சி. ரேடியோ அவரைக் கூப்பிட்டுப் பேச வைத்தது. ஆக, வேறு உத்தியோகத்தில் இருந்தபடி சைடில் எழுதியதுதான் அவரை மெயின் ரோட்டுக்கே கொண்டுவந்து விட்டது.

1945இல் போலீஸ் வேலையை விட்டுவிட்டு பி.பி.சி.யின் கிழக்குச் சேவைப் பிரிவில் இலக்கிய நிகழ்ச்சித் தயாரிப்பாளராகச் சேர்ந்தார். கிழக்குச் சேவை என்றால் முக்கியமாக இந்தியாவுக்கான ஒலிபரப்பு. சில வருஷங்களுக்கு முன் ஜார்ஜ் ஆர்வெல் வேலை பார்த்த அதே பிரிவு. ஓய்வூதியம் உள்ள போலீஸ் வேலையை, அதுவும் போர் முடிந்த நேரத்தில், விடுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது நம்மில் சர்க்கார் வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். அவர் தயாரித்த கவிதை நிகழ்ச்சிக்குப் பெரிய பெரிய ஆட்கள் வந்து வாசித்தார்கள். எப்போதும் பணமுடையில் இருந்த வேல்ஸ் நாட்டுக் கவிஞர் டைலன் தாமஸுக்கு அந்த வாசிப்புக் கட்டணம் ஒரு பெரிய ஆதரவு.

இனிமேல்தான் நம்ம நாடு கதைக்குள் வருகிறது. 1946 கோடையில் மூத்த பட்டோடி நவாப் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து போனது. விஜய் மெர்ச்சண்ட், வினு மன்கட், ஹசாரே, முஷ்டாக் அலி, அமர்நாத் எல்லாரும் இருந்த அணி. இந்தியாவில் கேட்பவர்களுக்காக முதல் இரண்டு ஆட்டங்களை, வூஸ்டரிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் நடந்தவற்றை, கிழக்குச் சேவையில் யாராவது வர்ணிக்க வேண்டும். ஆபீசிலேயே ஒரு கிரிக்கெட் பைத்தியம் இருக்கிறதே, அவரையே அனுப்புவோம் என்று முடிவாயிற்று. அவருக்கு அதற்கு முன் வர்ணனை அனுபவம் கிடையாது. இந்தியாவிலிருந்து நல்ல பதில் வரவே, சுற்றுப்பயணம் முழுக்க அவரே தொடரட்டும் என்றார்கள். ஆக, உலகம் கொண்டாடிய அந்தக் கிரிக்கெட் குரல் முதன்முதலில் பேசியது நம் ஊர் ரேடியோப் பெட்டிகளுக்குத்தான்! இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கவிதை நிகழ்ச்சியை அதற்காக அவர் விட்டுவிடவில்லை. 1950 வரை இலக்கியத் தயாரிப்பாளராகவே இருந்தார், கோடையில் மட்டும் மைதானம். அந்த 1946 பயணத்தை அப்படியே ஒரு புத்தகமாகவும் எழுதினார். அதற்குப் பெயர் 'இண்டியன் சம்மர்'. அதிலிருந்து அவருக்கு ஒரு வழி பிடிபட்டுவிட்டது. பகலில் வர்ணிக்கிற ஆட்டத்தையே சீசன் முடிந்ததும் புத்தகமாக்குவது. 1947 சீசனுக்கு ஒன்று, 1948க்கு ஒன்று என்று வருஷா வருஷம் வந்தன. ஒரே ஆட்டத்தில் இரண்டு அறுவடை.

குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து பி.பி.சி.யில் பேசுகிறவர்கள் எல்லாம் மேட்டுக்குடி உச்சரிப்புக்காரர்கள். இவரோ ஹாம்ப்ஷயர் கிராமத்து ஆள். மேலதிகாரி ஒருவர், உங்கள் மூளை சுவாரசியமானது, குரல்தான் பாமரத்தனமானது என்கிற தொனியில் சொன்னாராம். ஆர்லட் உச்சரிப்பை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றியிருந்தால் நூற்றில் ஒன்றாகப் போயிருப்பார். 1948 ஆகஸ்ட் 14, ஓவல் மைதானம். பிராட்மன் கடைசி டெஸ்டில் ஆட வருகிறார், கூட்டம் எழுந்து நிற்கிறது, இரண்டாவது பந்தில் ஹோலிஸ் அவரை பூஜ்யத்தில் போல்டாக்கிவிடுகிறார். அப்போது மைக் ஆர்லட் கையில். அவர் கத்தவில்லை. இப்படி ஒரு வரவேற்புக்குப் பிறகு ஒரு மனுஷனுக்குப் பந்து கண்ணில் தெரியுமா என்று யோசிக்கிற மாதிரி மெதுவாகப் பேசினார். கவிதை பழகிய வாய்க்குத்தான் அது வரும் என்பது என் அபிப்பிராயம்.

அதே வருஷக் கடைசியில் இங்கிலாந்து அணியோடு தென்னாப்பிரிக்கா போனார். நிறவெறிக் கொள்கையை ஆட்சிக் கொள்கையாகவே அறிவித்த கட்சி அங்கே அப்போதுதான் பதவிக்கு வந்திருந்தது. கறுப்பர்களை நடத்துகிற விதத்தைக் கண்ணால் பார்த்துவிட்டார். அங்கே பூர்த்தி செய்யச் சொன்ன ஒரு படிவத்தில் இனம் என்று ஒரு கட்டம். அதில் அவர் மனிதன் என்று எழுதிக் கொடுத்தார். அதிகாரிக்குக் கோபம். இவர் அதை மாற்றவில்லை.

ஊர் திரும்பியதும் சும்மா இருந்தாரா? பி.பி.சி.யில் 'எனி கொஸ்டின்ஸ்' என்று ஒரு நிகழ்ச்சி. பொதுமக்கள் கேள்வி கேட்க, நாலு பிரமுகர்கள் பதில் சொல்வார்கள். நல்ல கட்டணம், நாடு முழுக்கப் பேர். அதில் 1950இல் தென்னாப்பிரிக்க அரசை நாஜி அரசுக்கு ஒப்பிட்டு நேரடியாகவே பேசிவிட்டார். அந்நாட்டுத் தூதரகம் புகார் செய்தது. மூன்று வருஷத்துக்கு மேல் அந்த நிகழ்ச்சியில் அவருக்கு இடம் இல்லை. வருமானத்துக்கு ஒரு வழி அடைபட்டது என்று சொன்னேனே, அதில் இது முதலாவது.

1950களின் தொடக்கத்தில் பி.பி.சி. ஊழியர் பயிற்சிப் பிரிவில் இரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் முழுக்க முழுக்கச் சொந்தக் காலில். மாதச் சம்பளம் கிடையாது. ஆட்டத்துக்கு இவ்வளவு, கட்டுரைக்கு இவ்வளவு. அப்போதிலிருந்து அவர் செய்த வேலைகளைப் பாருங்க. கோடையில் ரேடியோ வர்ணனை. தன் முறை முடிந்து மைக்கைக் கொடுத்துவிட்டுப் பத்திரிகையாளர் பகுதிக்குப் போய் மறுநாள் பேப்பருக்கான கட்டுரை. குளிர்காலத்தில் கால்பந்து ரிப்போர்ட். 'நியூஸ் கிரானிக்கிள்' நாளிதழில் கிரிக்கெட், கால்பந்து இரண்டும் எழுதினார். அந்தப் பத்திரிகை 1960 அக்டோபரில் ராத்திரியோடு ராத்திரியாக இழுத்து மூடப்பட்டது. ஒரே கடையில் மொத்தக் கணக்கையும் வைக்கக் கூடாது என்று அவருக்கு அப்போது உறைத்திருக்கும், ஆனால் அவர் ஏற்கனவே அப்படி வைத்திருக்கவில்லை. பிரபலமான கிரிக்கெட் வீரர்களின் வாழ்க்கை வரலாறு, கவிதைத் தொகுப்பு, பக்திப் பாடல்கள்கூட எழுதினார். பாலாடைக்கட்டியைப் பற்றி 1956இல் ஒரு புத்தகம் போட்டார் என்றால் நம்புவீங்களா? தென்மேற்கு இங்கிலாந்தின் பாலாடைக்கட்டிகள், அதற்கு ஒரு முழுப் புத்தகம்!

அப்புறம் ஒயின். சிசிலித் தீவுக்கு விடுமுறைக்குப் போன இடத்தில் ருசி பிடித்துக்கொண்டது. லண்டன் 'ஈவினிங் நியூஸ்' பத்திரிகைக்கு ஒயின் பற்றி எழுத ஆரம்பித்தார். பிறகு 'கார்டியன்' நாளிதழுக்கு 1968 முதல் கிரிக்கெட் நிருபரான அவரே ஒயின் நிருபரும் ஆனார். ஒரே ஆளுக்கு இரண்டு பதவி. பர்கண்டி ஒயின் பற்றியும், க்ரூக் என்ற ஷாம்பெயின் குடும்பத்தைப் பற்றியும் 1976இல் புத்தகங்கள். 1961இல் ஆல்ரஸ்ஃபோர்ட் என்ற சிற்றூரில் அவர் வாங்கிக் குடிபோன வீடே ஒரு பழைய மதுக்கடை. அதன் நிலவறை முழுக்க ஆயிரக்கணக்கான பாட்டில்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் இதைப் படித்து முகம் சுளிக்கலாம். அங்கே அது நமக்குக் கும்பகோணம் டிகிரி காபி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தோட்டத்துக் கொட்டை, எந்த வருஷத்து மழை என்று பேசத் தெரிந்தவனுக்கு மதிப்பு.

ஓடி ஓடிச் சம்பாதித்த அந்தக் காலத்தில் ஒரு பயங்கரமும் அவரை உரசிக்கொண்டு போனது. 1958 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட் அணி பெல்கிரேடில் ஆடப் போனபோது 'மான்செஸ்டர் கார்டியன்' சார்பில் ஆர்லட் போவதாக இருந்தது. கடைசியில் டானி டேவிஸ் என்ற மூத்த நிருபர் போனார். திரும்பும் வழியில் பிப்ரவரி 6 அன்று மியூனிக் விமான நிலையத்தில் விபத்து. 23 பேர் இறந்தார்கள். எட்டு ஆட்டக்காரர்கள், எட்டுப் பத்திரிகையாளர்கள். டேவிஸ் அவர்களில் ஒருவர்.

இத்தனை வேலைக்கு நடுவே 1955லும் 1959லும் லிபரல் கட்சி சார்பில் எப்பிங் தொகுதியில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு நின்றார். இரண்டு தடவையும் தோல்வி. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

சொல்ல வேண்டியது ஒரு கடிதத்தைப் பற்றி. 1950களின் கடைசியில் கேப்டவுனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பேசில் டி'ஒலிவேரா. கலப்பினத்தவர் என்பதால் சொந்த நாட்டு அணியில் அவருக்கு இடம் கிடையாது. இங்கிலாந்தில் எங்காவது ஆட வழி பண்ண முடியுமா என்று கேட்டிருந்தார். ரேடியோவில் கேட்ட குரலை நம்பி, முன்பின் தெரியாத ஆளுக்குக் கடிதம். ஆர்லட் அதைக் குப்பையில் போடவில்லை. மான்செஸ்டர் பத்திரிகையாளர் ஜான் கே என்பவரோடு சேர்ந்து கிளப் கிளப்பாகக் கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மிடில்டன் கிளப்புக்கு வருவதாக இருந்த வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர் வெஸ் ஹால் வராமல் போக, அந்த இடம் கிடைத்தது. 1960 சீசனுக்கு 450 பவுன் சம்பளம், விமானச் செலவு ஆட்டக்காரருடையது. கேப்டவுனில் அவருடைய ஜனங்கள் பணம் வசூல் பண்ணி அனுப்பிவைத்தார்கள். இதில் ஆர்லட்டுக்குக் காலணா வரும்படி கிடையாது. நேரம்தான் செலவு, அதுவும் நேரத்தை விற்றுப் பிழைக்கிறவருடைய நேரம்.

டி'ஒலிவேரா 1966இல் இங்கிலாந்துக்கே டெஸ்ட் ஆடினார். 1968 ஓவல் டெஸ்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ரன். அதற்கப்புறமும் தென்னாப்பிரிக்கா போகிற அணியில் முதலில் அவர் பெயர் இல்லை. ஆர்லட் கடுமையாக எழுதினார். கார்ட்ரைட் காயம்பட்டு விலகியதும் அவரைச் சேர்த்தார்கள். தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டர் ஏற்க மறுக்க, பயணமே ரத்தாயிற்று. இவ்வளவுக்கும் பிறகு 1970 கோடையில் தென்னாப்பிரிக்க அணியை இங்கிலாந்துக்கு அழைத்திருந்தார்கள். ஐந்து டெஸ்ட். ஒரு வர்ணனையாளருக்கு அது அந்த வருஷத்துப் பெரிய வரும்படி. அந்த ஆட்டங்களை வர்ணிக்க மாட்டேன் என்று ஆர்லட் 'கார்டியன்' பத்திரிகையில் எழுதிவிட்டார். தடை பண்ணச் சொல்லி ஊர்வலம் போகவில்லை, கேட்கிறவர்களைத் திட்டவில்லை. என் குரல் இதற்கு வாடகைக்கு இல்லை என்கிற மாதிரி ஒதுங்கிக்கொண்டார். பி.பி.சி.யும் ஒப்புக்கொண்டது. மே மாதம் அந்தப் பயணமும் ரத்தானது. ஆனால் அவர் எழுதியபோது அது ரத்தாகும் என்று யாருக்கும் தெரியாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

வெளியே இவ்வளவு கெட்டியாக இருந்தவருக்கு வீட்டில் அடி மேல் அடி. 1965 புத்தாண்டு விடியலில், இருபதைத் தாண்டிய மூத்த மகன் ஜிம்மி கார் விபத்தில் போய்விட்டான். அதிலிருந்து தகப்பன் கறுப்பு டைதான் கட்டினார். 1976இல் மனைவி வாலரியும் இறந்தார். இவர் வேலையை நிறுத்தவில்லை. பி.பி.சி. தொலைக்காட்சியில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களை ஜிம் லேக்கரோடு சேர்ந்து வர்ணித்தது, ஆட்டக்காரர்களின் சங்கத்துக்குத் தலைவராக இருந்து சம்பளப் பேச்சுக்குக் குரல் கொடுத்தது எல்லாம் இந்தக் காலத்தில்தான். தான் ஆட்டத்துக்கு ஆட்டம் கூலி வாங்கிப் பிழைத்ததால் அந்தக் கவலை அவருக்குப் புரிந்திருக்கும். நம் ஆட்களுக்கு மறக்க முடியாத 1971 ஓவல் டெஸ்டும் இந்தக் காலத்ததே. சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுக்க, இங்கிலாந்து 101 ரன்னில் சுருண்டது. வடேகர் தலைமையிலான அந்த அணியில் நம்ம வெங்கட்ராகவன் இருந்தார் என்பதை விடுதிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

1980 சீசனோடு நிறுத்திக்கொள்ளப் போவதாக அறிவித்தார். செப்டம்பர் 2, லார்ட்ஸ் மைதானம், ஆஸ்திரேலியாவோடு நூற்றாண்டு டெஸ்டின் கடைசி நாள். 34 வருஷத்துக்கு அப்புறம் கடைசியாக ஒரு தரம் மைக்கைப் பிடித்தார். எல்லாரும் பெரிய பிரிவுரை வரும் என்று காத்திருக்க, ஓவர் முடிந்ததும் அடுத்து பேசப்போகிறவர் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். அவ்வளவுதான்! மைதான ஒலிபெருக்கியில் விஷயத்தை அறிவித்தார்கள். கூட்டம் வர்ணனைப் பெட்டியைப் பார்த்துத் திரும்பிக் கைதட்டியது. களத்தில் நின்ற ஆஸ்திரேலியர்கள் கைதட்டினார்கள். ஆடிக்கொண்டிருந்த பாய்காட்டும் கிளவுசைக் கழற்றிவிட்டுக் கைதட்டினார். ஆட்டக்காரனுக்கு மைதானம் எழுந்து நிற்பது உண்டு. பேசுகிறவனுக்கு நின்றது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

1981இல் ஆல்டர்னி என்ற சின்னத் தீவுக்குக் குடிபோனார். போகுமுன் நிலவறையில் சேர்த்த ஒயினில் பெரும்பகுதியை ஏலத்தில் விற்றார். ருசிக்காகச் சேர்த்தது முதுமைக்குச் சேமிப்பாகவும் ஆயிற்று. மூச்சுக்கோளாறு படுத்தியது, பேசுவதே சிரமம். ஆனாலும் எழுத்தை விடவில்லை. அவர் தெய்வமாகக் கொண்டாடிய ஜாக் ஹாப்ஸ் பற்றிய புத்தகம் 1981இல் வந்தது. தன் கதையை 1990இல் எழுதினார். அதில் நான் என்றே வராது, அவர் அவர் என்று மூன்றாம் மனிதரைப் பற்றி எழுதுவதுபோலவே எழுதியிருப்பார்.

1991 டிசம்பர் 14 அன்று ஆல்டர்னியில் காலமானார். அடக்கமும் அங்கேயே. கல்லறைக் கல்லில் அவர் கவிஞர் ஆண்ட்ரூ யங்குக்காக எழுதிய கவிதையிலிருந்து இரண்டு வரி பொறித்திருக்கிறார்கள். கடைசிக் காலத்தில் அவரோடு மகன்போலப் பழகிய ஆல்ரவுண்டர் இயன் போத்தம், பிற்பாடு தீவுக்குப் போகும்போதெல்லாம் ஒரு ஒயின் பாட்டிலோடு அந்தக் கல்லறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவாராம்.